அவகாசம் உண்டு

என் அத்தைக்குப் பாராட்டு மலர் போடுகிறார்கள். மலர்க் குழுவில் இருக்கும் இளம் வக்கீல் ஒருத்தி கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. போகும்போதும் வரும்போதும் ஸ்கூட்டரை அணைக்காமலே வாசலில் நின்று கேட்பாள்.

"ஏனுங்க்கா, அத்தையோட குடும்பப் பின்னணி ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுத்துருங்க. அந்தக் குடை மேட்டர மட்டும் உட்றாதீங்க. அதுதானுங்க்கா நமக்கு அட்டைப்படமே!"

குடும்பப் பின்னணி என்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை லயம் என்பார்கள். அதில் ஒரு வீட்டில் அத்தை, அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தம்பி. ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் பின்னணி வைத்துக்கொள்ள இடம் எங்கே இருந்தது? எல்லாரும் முன்னணியில்தான் இருந்தோம். ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர்களும் மரியாதைக்காகப் புரள வேண்டும்.

அத்தையையே கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன். அத்தை அகப்படுகிற ஆள் இல்லை. அறுபதைத் தாண்டியும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். சுடுகாட்டுக்குப் பாதை விடாத ஊர், தண்ணீர்க் குழாய் ஒரு தெருவோடு நின்றுபோன ஊர், சாதிச் சான்றிதழுக்காகத் தமிழ்ப் பிள்ளைகள் அலைகிற தாலுகா ஆபீஸ் என்று, மலைக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவே ஏதாவது ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பாள். சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான். மேடையில் உரிமைப் போராளி என்று அறிமுகம் தொடங்கும்போதே எழுந்துவிடுவாள். ஜனங்கள் அதைப் பணிவு என்று நினைத்துக் கைதட்டுவார்கள். வக்கீல் பெண் போனில் பிடித்தபோது பஸ் இரைச்சலுக்குள்ளிருந்து அவள் சொன்னது இவ்வளவுதானாம்: "எம் மருமவட்ட கேளு. அன்னைக்கி அவளும் குடைக்குள்ளதான் நின்னா."

அண்ணன் மகளான நான்தான் அந்த மருமகள். நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவள். பிழைக்கிறவள் என்று சொன்னதே அந்த வகையில் ஒரு கட்டுரைதான். என்னிடம் வந்து வீர வரலாறு கேட்டால் நான் என்ன செய்வேன்? இரண்டு நாளாக எழுதுவதும் எழுந்து போய்ப் பால்கனியில் நிற்பதுமாக இருக்கிறேன். துணி காய்ந்துவிட்டதா என்று இத்தனை தடவை யாரும் எந்தத் துணியையும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வக்கீல் பெண் அட்டைப்படத்தை அனுப்பியிருந்தாள். கொட்டும் மழை. அத்தை ஒரு கையில் விரித்த குடையைக் கொடி மாதிரி உயர்த்தியிருக்கிறாள். இன்னொரு கை முஷ்டி. பின்னால் தோட்ட மேனேஜரின், அதாவது துரையின், ஆபீஸ். ஓவியர் நன்றாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அன்று அந்த இன்னொரு கையில் இருந்தது முஷ்டி இல்லை. நான்.

குடை விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஆபீசைத் தாண்டிப் போகிறவர்கள் குடையை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆண்களாக இருந்தால் தலைக்கட்டையும் அவிழ்க்க வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் யாராவது கிழித்திருப்பார்கள். முற்றத்துக்கு முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. அங்கே மடக்கி, அந்தப் பக்கத்து வளைவில் திரும்பியதும் விரித்துக்கொள்ள வேண்டும். இடையில் பெய்கிற மழை துரைக்கான மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை அந்த ஊரில் மேலிருந்து கீழே மட்டும் பெய்யாது, பக்கவாட்டிலும் பெய்யும். ஆகவே ஆபீசைத் தாண்டியவர்கள் வளைவில் குடையை விரிக்கும்போது, குடைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு ஈரம் இருக்கும்.

தோட்டத்தில் யூனியன் இல்லாமல் இல்லை. கூலி, போனஸ், கம்பளி, விறகு எல்லாவற்றுக்கும் கோஷம் போட்டார்கள். கோஷம் போட்டுவிட்டு வீடு திரும்பும்போது ஆபீசுக்கு முன்னால் குடையை மடக்கிக்கொண்டார்கள். யூனியன் செக்ரட்டரியும் மடக்குவார். அவர் மடக்குவதற்குப் பெயர் மட்டும் வேறு. தந்திரம் என்பார்.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. காதுவலி. ராத்திரி முழுக்க அழுது லயத்தையே எழுப்பியிருந்தேன். காலையில் அத்தை கொழுந்து எடுக்கப் போவதற்கு முன்னால் என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். டிஸ்பென்சரி ஆபீசுக்கு அந்தப் பக்கம். கையில் தாத்தா விட்டுப்போன கறுப்புக் குடை. தாத்தா செத்த பிறகு அவர் செய்த வேலையும், அந்த வேலைக்காகக் கொடுத்த வீடும் அத்தை பெயருக்கு வந்திருந்தன. குடையும் அப்படி வந்ததுதான். மூன்றில் குடைதான் அதிகம் பிடிவாதம் பிடிக்கும். சில நாள் விரியாது. அன்று விரிந்துவிட்டது. மடங்க மறுத்தது.

சில்வர் ஓக் அடியில் நின்று அத்தை கிளிப்பை அமுக்கினாள். கட்டை விரலால் அமுக்கினாள். இரண்டு கையாலும் அமுக்கினாள். என்னிடம் கம்பைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மேலே எக்கிக் கம்பிகளைச் சேர்த்து இழுத்துப் பார்த்தாள். ஆபீஸ் வராந்தாவில் துரை நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கங்காணியும் நின்றார். மழைக்குள்ளே நாங்கள் இருவரும் ஒரு குடையோடு மல்லுக்கட்டுவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மடங்கு சனியனே, மடங்கு" என்றாள் அத்தை.

பிற்காலத்தில் மலையெங்கும் பேசப்பட்ட ஓர் இயக்கத்தின் முதல் முழக்கம் இது. எந்த மலரிலும் வராது.

கடைசியில் அவள் என்னைப் பார்த்தாள். என் காதில் அம்மா வைத்த பஞ்சு. குடையைத் தரையில் போட்டுவிட்டு என்னை நனைத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். மற்றவர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். அவள் குடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தாள். நான் முதன்முதலாக ஆபீசை அன்றுதான் பார்த்தேன். அதுவரை கண்ணில் வழியும் தண்ணீர் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அதன் சுவர் நீலம் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

மத்தியானத்துக்குள் கிளார்க் வந்துவிட்டார். இனி அத்தை மலைக்கு வேலைக்குப் போக வேண்டாம், வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்லட்டும் என்று துரை சொன்னாராம். வேலை போனால் வீடு போகும். அப்பா யாருடைய ஜீப்பையோ ஓட்டிக்கொண்டிருந்தவர். தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அத்தையின் பெயரில்தான் எங்கள் ஐந்து பேர் தலைக்கு மேலும் கூரை நின்றது.

வெள்ளிக்கிழமை வரை எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை. அப்பா நடந்தார். அந்த அறையில் நடப்பது என்றால் சுவருக்குச் சுவர் திரும்புவதுதான். அம்மா பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டுவாள். கஞ்சி வைக்க வேண்டியிருக்கும், அவிழ்ப்பாள். கஞ்சி ஆனதும் கழுவிக் கட்டுவாள். தம்பி எதற்கென்று தெரியாமல் அழுதுகொண்டே இருந்தான். அத்தை மட்டும் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் விரிந்தபடி, பாதி அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அப்பா அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது.

"இதுல பயப்படுததுக்கு என்ன இருக்கு?" என்றார் அப்பா, பயந்துகொண்டே. "குடை கெட்டுப்போச்சு. அப்படியே விரிச்சபடி கொண்டுபோயி மேசையில வைப்போம். தொரையே மடக்கிப் பாக்கட்டுமே. அவியளாலயும் முடியாது. தப்பு நம்ம மேல இல்ல, குடை மேல. முடிஞ்சுது சோலி."

"ஆமாங்க" என்றாள் அம்மா. "இவதான் கூடவே நின்னாளே. இவள சாட்சிக்கிக் கூட்டிட்டுப் போங்க."

இவள் என்பது நான். அப்பா எனக்கு ஒரு வாக்கியம் மலையாளத்தில் சொல்லிக் கொடுத்தார். "குட மடங்ஙியில்ல சாரே." நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். அப்பாவின் மலையாளமும் ஜீப் வாடகை பேசுகிற அளவுக்குத்தான். இருவருமாகச் சேர்ந்து அந்த ஒரு வாக்கியத்தைப் பிசைந்து உருட்டினோம். காதுவலி போன இடம் தெரியவில்லை. உலகம் என் வாயிலிருந்து வரப்போகும் மூன்று வார்த்தைக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பு பிறகு என்னை எழுத்தாளராக்கி, இன்றுவரை விடவில்லை.

வியாழக்கிழமை அத்தை விரிந்த குடையோடு வெளியே போனாள். மழை வேறு பெய்துகொண்டிருந்ததால் யாரும் எதுவும் நினைக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் நின்றபடி கிளிப்பை ஒரு விரலால் தொட்டாள். க்ளக். குடை மடங்கியது. மறுபடி விரித்தாள். மறுபடி க்ளக்.

அப்பா நடப்பதை நிறுத்தினார். "என்னட்டி இது?"

"பஜார்ல குடுத்து சரி பண்ணிட்டேன், அண்ணே."

"சரி பண்ணிட்டியா? இன்னைக்கா? ஏளா, நாளைக்கில்லா விசாரணை! இருக்க ஒரே சாட்சியத்த ரிப்பேர் பண்ணிட்டு வந்து நிக்கியே!"

"நானும் சாட்சிதான்" என்று நான் நினைவுபடுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை.

அத்தை சொன்னாள்: "கெட்டுப்போச்சுன்னு சொன்னா, நல்ல குடையின்னா மடக்கணும்னு ஆயிருமே அண்ணே. அதான்."

அப்பா அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அப்புறம் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நின்று அதை மறுபடி கெடுக்க ஆரம்பித்தார். கிளிப்பில் மண்ணை அடைத்தார். கம்பியை வளைத்தார். கல்லில் தட்டினார். க்ளக் என்று மடங்கியது. பஜாரில் எவனோ ஒருவன் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தான். எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் ஒரு சாமான் கெட்டுப்போக மறுத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். சில்வர் ஓக் வந்ததும் அப்பாவின் கை தானாகத் தலைத்துண்டை அவிழ்த்தது. மழை விட்டிருந்ததால் குடைக்கு அன்று பரீட்சை இல்லை. என் காதில் மருந்து நனைத்த பஞ்சு இருந்தது. ஒரு காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். எங்களிடம் பேசுவது மலையாளம், நாயிடம் பேசுவது இங்கிலீஷ். கிளார்க் ஓரமாக நின்றார். அவர் நல்ல மனுஷன். எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழ் கற்றுக்கொண்டு பேசுகிறவர். அன்று நடந்ததற்கெல்லாம் அந்த நல்ல மனசும் ஒரு காரணம்.

அப்பா என்னை முன்னால் தள்ளினார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை குடையைத் தூக்கி அந்த ஆபீஸ் அறைக்குள்ளேயே விரித்தாள். மடக்கினாள். விரித்தாள். மடக்கி மேசை ஓரமாகச் சாத்தி வைத்தாள்.

"நல்ல குடைதான் சார்" என்றாள்.

என் வாக்கியம் தொண்டையிலேயே செத்தது.

துரையின் முகம் சிவந்தது. எழுந்து நின்று கேட்டார்: "ஓபீசின்றெ மும்பில்கூடி குட நிவர்த்தி நடக்கான் நினக்கு எந்து அவகாசம்?"

இங்கே நான் ஒரு நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். தமிழில் அவகாசம் என்றால் நேரம், தவணை. பரீட்சைக்குப் படிக்க அவகாசம் இல்லை என்போமே, அது. மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று பொருள். குடை விரித்து நடக்க உனக்கு என்ன உரிமை என்றுதான் துரை கேட்டார். அப்பாவின் காதில் விழுந்தது வேறு. மடக்குவதற்கு உனக்கு நேரமில்லாமலா போய்விட்டது என்று துரை விசாரிப்பதாக அவர் நினைத்தார். முழுகுகிறவனுக்குத் துரையே கயிறு வீசுகிறார்! அப்பா பாய்ந்து பிடித்தார்.

"இல்ல சாரே! அவகாசம் இல்ல! அவகாசமே இல்ல சாரே! புள்ளைக்கி காதுவலி, ஓட்டமா ஓடுனா. எங்கன இருக்கு அவகாசம்? கொஞ்சங்கூட அவகாசம் இல்ல!"

துரையின் முகம் இளகியது. எந்த உரிமையும் இல்லை என்று குடும்பத் தலைவர் இத்தனை தடவை, இத்தனை உருக்கமாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. "ஆ. அது சரி" என்று நாற்காலியில் சாய்ந்தார். கிளார்க் மூச்சு விட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. வீடு தங்கியது. அப்பா என் தோளைப் பிடித்து அமுக்கியதில் அவர் சந்தோஷம் எலும்பு வரை தெரிந்தது.

அத்தை மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எங்கள் மூன்று பேரில் அவளுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். சும்மா நின்றிருந்தால் போதும். அவள் சும்மா நிற்பாள் என்று நானே எதிர்பார்த்தேன். முகம் அப்படித்தான் இருந்தது.

"அவகாசம் உண்டு" என்றாள்.

அப்பா திரும்பினார். "எங்கன இருந்துச்சு? பேசாம இருட்டி!"

"உண்டு, அண்ணே. அவகாசம் உண்டு."

அது தமிழா மலையாளமா என்று கேட்டால் இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. இரண்டிலும் அதே இரண்டு வார்த்தைதான். அன்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அப்பா பொய் சொல்கிறார், அத்தை உண்மையைச் சொல்கிறாள். நேரம் இல்லாமலா? மரத்தடியில் எவ்வளவு நேரம் நின்று குடையோடு மல்லுக்கட்டினோம்! சாட்சியாக வந்தவள் சாட்சி சொல்ல வேண்டாமா? நானும் சொன்னேன்: "நெறைய அவகாசம் உண்டு, சாரே."

தோட்டத்தில் உரிமைக்காக எழுந்த இரண்டாவது குரல் அது. மலருக்கு இதையும் எழுதலாமா என்று வக்கீல் பெண்ணைக் கேட்டேன். "காமெடி பண்ணாதீங்க்கா" என்றாள்.

துரை கத்தினார். எல்லாம் மலையாளத்தில், பாதி என் பஞ்சிலேயே நின்றுவிட்டது. மேசையில் குத்தினார், வாசலைக் காட்டினார். கிளார்க் எங்களை வராந்தாவுக்குக் கூட்டி வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்ததோ என்னவோ, அது என் காதுக்கு எட்டாத குரலில் வந்தது. ஆறுதலான பகுதியைச் சத்தமாகச் சொன்னார்.

"மாசக் கடைசி வரெ அவகாசம் தந்திட்டுண்டு. அவகாசம் தந்திட்டுண்டு, கேட்டோ."

அப்பா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே என்னிடம், "நீ ஓடிப் போயி அம்மாட்ட சொல்லு" என்றார்.

ஓடினேன். எதைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. உள்ளே சண்டை அவகாசம் உண்டா இல்லையா என்று. உண்டு என்றோம். கடைசியில் தந்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம்.

வளைவில் டீக்கடை. யூனியன் செக்ரட்டரி டீயும் பருப்பு வடையுமாக பெஞ்சில் இருந்தார். அவர் வைக்கம் பக்கத்து மலையாளி. "எந்தாயி மோளே?" என்றார்.

"அவகாசம் தந்துட்டாங்க!"

வடை வாயருகே நின்றது. "அவகாசம் தந்நோ? ஆரு?"

"தொரைதான்! கிளார்க்கு சார் சொன்னாரு, ரெண்டு மட்டம் சொன்னாரு!"

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கடைக்காரரைப் பார்த்து, "நம்மள் இது எப்பொழே பறஞ்ஞதா!" என்றார். தாங்கள் எப்போதோ கேட்டதுதானாம் இது. மடித்துக் கட்டிய வேட்டியோடு எனக்கு முன்னால் மேட்டில் ஏறினார். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை. நான் லயத்தை அடைவதற்குள் செய்தி முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. குடைக்கு அவகாசம் கிடைத்துவிட்டதாம். இனி யாரும் மடக்க வேண்டாமாம். நம்ம பெண்தான் வாங்கிக் கொடுத்தாளாம்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து வீட்டுக்குள் ஓடினேன். "அம்மா, அவகாசம் தந்துட்டாங்க!"

அம்மாவுக்குத் தமிழ்தான் தெரியும். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "எது வரைக்கும்?"

"மாசக் கடைசி."

அம்மா நிமிர்ந்து பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். அதே சமயம் வெளியே கைதட்டல் கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். அம்மா ஒரு குண்டானைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். எங்களை வீட்டை விட்டு அனுப்புவதில் ஊருக்கு இத்தனை சந்தோஷமா என்று அவள் முகம் கேட்டது. அடுத்த வீட்டு மதினி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மா குண்டானோடு சேர்ந்து அழுதாள். மதினி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டாள்.

அப்பாவும் அத்தையும் மேடேறி வந்தபோது வழி இல்லை. செக்ரட்டரி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது. "அய்யோ, அப்படி இல்ல, இவ சின்னப்புள்ள, அவிய சொன்னது..." என்று ஆரம்பித்தார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அத்தைக்குக் கேட்டது. அவர் கையைப் பிடித்தாள். அவர் நிறுத்தினார்.

அடுத்த வீட்டு மதினி முன்னால் வந்தாள். வாழ்க்கை முழுக்கக் கூடை சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன உடம்பு. "நேராச் சொல்லுட்டி" என்றாள். "இவன் கட்சிக்காரன், எதையும் பேசுவான். எங்களுக்கும் உண்டா? எல்லாருக்கும் உண்டுமா?"

அத்தை அவளைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். நான் வெற்றிச் செய்தி கொண்டுவந்தவளுக்குரிய இடத்தில், எல்லாருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தேன்.

"உண்டு, மதினி" என்றாள் அத்தை. "அவகாசம் உண்டு. எல்லாருக்கும் உண்டு."

அப்பா உள்ளே வந்து பாத்திரச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவர் உட்கார்ந்தது அப்போதுதான். அதுவும் உடனே எழுந்துவிட்டார், அடியில் குண்டான் குத்தியதால்.

"என்னட்டி செஞ்சிருக்க?" என்று கிசுகிசுத்தார். "நாளைக்கி எல்லாரும் விரிச்சிட்டுப் போவாவளே! அவியளுக்கும் வேல போவும். லயமே காலியாவும்!"

"லயமே காலியானா கொழுந்து எடுக்க ஆளு எங்கண்ணே?" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுப் போய் வாசலில் நின்றாள். திரும்பி வந்து அடுப்படியில் நின்றாள். மறுபடி வாசலுக்குப் போனாள். அப்பாவுக்கு நடக்க இடமில்லாமல் போய்விட்டது.

மறுநாள் காலையில் மழை வந்தது. அப்படி ஒரு மழை. அத்தைக்கு வேலை கிடையாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் முதல் ஆளாகக் கிளம்பினாள். எனக்கு டிஸ்பென்சரியில் பஞ்சு மாற்ற வேண்டும் என்று காரணம் சொன்னாள். அம்மா என் தலையைக் காதோடு சேர்த்து மப்ளரால் கட்டிவிட்டாள். எங்களுக்குப் பின்னால் லயம் முழுக்க வந்தது. கறுப்புக் குடை, ஒட்டுப்போட்ட குடை, கம்பி நீட்டிக்கொண்டிருந்த குடை. குடையே இல்லாதவர்கள் கூடப் பக்கத்தில் உள்ளவர்களின் குடையில் தலையை நுழைத்துக்கொண்டு வந்தார்கள். செக்ரட்டரியின் குடை புதுசு. ஆண்களின் தலைக்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

சில்வர் ஓக்கைத் தாண்டினோம். சிரிப்பும் கேலியுமாகத்தான் போனார்கள். கொடுத்துவிட்ட உரிமைக்கு யார் பயப்படுவார்கள்? "காஞ்ச தலையோட ஆபீசப் பாக்கது இன்னைக்கித்தான்" என்று யாரோ சொன்னார்கள். "ஏளா, செவுரு நீலமாட்டி?" என்று அடுத்த வீட்டு மதினி ஆச்சரியப்பட்டாள். துரை வராந்தாவுக்கு வந்தார். கங்காணி துரையைப் பார்த்தார். துரை கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் மழையைப் பார்த்தார். ஒரு சமயம் துரையின் கை உயர்ந்தது. யாரைக் காட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. அப்புறம் அவர் உள்ளே போய்விட்டார்.

மாசக் கடைசி வந்தது, போனது. வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தையை மலைக்கு வரச் சொல்லிக் கிளார்க்தான் வந்து சொன்னார். செக்ரட்டரி அந்த வருஷக் கோரிக்கைகளில் குடையையும் சேர்த்து, அதில் வெற்றி பெற்றதாகவும் அறிவித்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்று காலை எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

துரை கையைத் தூக்கிய அந்த நேரத்தில் நான் அண்ணாந்து பார்த்தேன். குடையின் கம்பி நுனிகளிலிருந்து தண்ணீர் ஒழுங்காகச் சொட்டாமல் சிதறிச் சிதறி விழுந்தது. குடை ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. கைப்பிடியில் இருந்த அத்தையின் கை வெடவெடவென்று ஆடியது. என்னைப் பிடித்திருந்த கையும் அப்படித்தான்.

"குளிருதா அத்த?"

"ஆமாட்டி" என்றாள், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "குளிருது."

நான் தலையிலிருந்த மப்ளரை அவிழ்த்து அவள் கைக்குச் சுற்றிவிட்டேன். எங்களைச் சுற்றி அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு மட்டும் ஏன் அப்படிக் குளிர்ந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.